இடப்பக்கத்துக் கிற்றார்

ஐம்பத்து நான்கு மணித்தியாலங்கள். திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்குக் கண் விழித்தபோது என் இடது காது அடைத்திருந்தது. இன்று புதன், பதினொரு மணி. இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

முதலில் இயர்போன் பழுதென்றுதான் நினைத்தேன். நெடுந்தீவுப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்க வந்த நாள் முதல், காலையில் வின்டர் டிப்போ என்ற றொக் குழுவைக் கேட்டுக்கொண்டுதான் படுக்கையை விட்டு எழும்புவேன். அந்தக் குழுவில் அண்ணனும் தம்பியும் கிற்றார் வாசிக்கிறார்கள். அண்ணன் இடப்பக்கம், தம்பி வலப்பக்கம். எல்லா அல்பத்திலும் அப்படித்தான் பதிந்திருக்கிறார்கள். அண்ணன் ஒரு மூச்சு முந்தித் தொடங்குவான். தம்பி பின்னால் ஓடி வந்து பிடிப்பான். பாட்டின் முடிவில் இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். திங்கட்கிழமை அண்ணன் வரவில்லை. தம்பி மட்டும் யாரையோ துரத்திக்கொண்டு ஓடினான்.

இயர்போனை மாற்றிப் போட்டேன். இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும். இப்போது அண்ணன் இருந்தான், தம்பி இல்லை. இயர்போனில் பழுதில்லை.

பிறகு கிளாஸ் ஒக்சன் குழுவின் மூன்றாவது அல்பத்தைப் போட்டேன். அதில் நான்காவது பாட்டின் நடுவில் எல்லாரும் வாசிப்பை நிறுத்த, டிரம்ஸ் மட்டும் உருளும். வலது காதில் தொடங்கி, தலைக்குள்ளால் போய், இடது காதால் வெளியேறும். அந்த நான்கு விநாடிக்காகவே படகில் எத்தனையோ தரம் அந்தப் பாட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். இப்போது அது தலையின் நடுவரைக்கும் வந்து நின்றுவிட்டது. மிச்சத்துக்குப் பதிலாக ஒரு இரைச்சல். தூரத்தில் தண்ணீர்ப் பம்பு ஓடுவதுபோல.

கைத்தொலைபேசியில் தேடி வாசித்தேன். ஒரு காது திடீரெனக் கேளாமல் போனால் முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. இரண்டு கிழமை தாண்டினால் திரும்பி வருவது அரிது. காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை.

காரணம் தெரிவதில்லை என்பதை எங்கள் வீட்டில் யார் நம்புவார்கள்? நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எனக்கு ஒரு வருடம் மேலே படித்த சசிகரன் அண்ணை பாடக்குறிப்புக்கென்று தந்த பென்டிரைவில் ஒரு றொக் அல்பமும் கிடந்தது. அன்று தொடங்கிய பழக்கம். அன்றிலிருந்து கரம்பொன் வீட்டில் அம்மாவும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறா.

"உந்தக் கண்டறியாத பாட்டைக் கேட்டுக் கேட்டு ஒரு நாளைக்குச் செவிடாத்தான் போகப்போறாய். பிறகு ஆர் கட்டுவான்?"

இங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அல்போன்சம்மாவின் மருமகள் அங்கேதான் வேலை. மத்தியானம் நான் போனால் பின்னேரம் அல்போன்சம்மாவுக்குத் தெரியும். அவ என் அம்மாவோடு கிழமைக்கு இரண்டு தரம் போனில் கதைப்பவ. சத்தமான பாட்டால் வருவது வேறு, இது வேறு என்று நான் விளக்கலாம். நான் விளக்கி முடிப்பதற்குள் இயர்போன் அலுமாரிக்குள் போய்விடும். இந்தத் தீவில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

ஆகவே பேசாமல் இருந்தேன். அது எனக்குப் பழக்கம்.

ஒரு காதால் கேட்பது இவ்வளவு களைப்பென்று தெரிந்திருக்கவில்லை. வகுப்பில் "ரீச்சர்" என்று ஒரு குரல் வரும். எந்தப் பக்கம் என்று தெரியாது. முப்பது முகத்தையும் பார்த்துக்கொண்டு போவேன், எந்த வாய் திறந்திருக்கிறதென்று. இரண்டாம் பாடம் முடியவே கழுத்து நோகத் தொடங்கிவிடும். நேற்றுப் பின்னேரம் வந்தவுடன் உடுப்பும் மாற்றாமல் படுத்துவிட்டேன்.

படுத்தபடியே ஸ்லோ சேர்வேயர்ஸ் குழுவின் முதல் அல்பத்தைப் போட்டேன். பின்னாளில் அவர்கள் பெரிய ஆட்கள். பதினொரு நிமிடப் பாட்டில் ஆறு நிமிடம் ஒன்றும் நடக்காது. அந்த ஆறு நிமிடத்தில் ஒரு கடலைத் தாண்டிவிடலாம். ஆனால் முதல் அல்பம் ஒரு கார்க் கொட்டிலுக்குள் ஒரேயொரு மைக் வைத்துப் பதிந்தது. இடமும் இல்லை, வலமும் இல்லை, எல்லாம் ஒன்றாய்க் குவிந்து கிடக்கும். மோசமான பதிவென்று அதை ஒதுக்கி வைத்திருந்தேன். நேற்று அது மட்டும் அப்படியே கேட்டது. ஒரு குறையும் இல்லை. மூன்று தரம் கேட்டேன். இனி எல்லாவற்றையும் இப்படித்தான் கேட்கவேண்டி வருமோ என்று நினைத்தபோது நிறுத்திவிட்டேன்.

இன்று காலை மேரிசுகந்தியோடு பாடசாலைக்கு நடந்தேன். அல்லைப்பிட்டிப் பெண். கணிதம் படிப்பிக்கிறாள். அல்போன்சம்மா வீட்டில் இருவருக்கும் ஒரே அறை. அவள் என் இடப்பக்கம் வந்தாள். நான் பின்னால் போய் அவளின் மறுபக்கம் வந்தேன். ஒரு மாட்டுக்கு விலகியதில் அவள் திரும்பவும் இடப்பக்கம் வந்துவிட்டாள். நான் திரும்பவும் சுற்றினேன்.

"என்னடி கஜா, என்னைச் சுத்திச் சுத்தி வாறாய்? கோயிலே நான்?"

"வெய்யில் படுது."

"ஓமோம், உன்ர நிறம் கறுத்துப்போடும்." சிரித்தாள். "விசயம் தெரியுமே? நாளையிலயிருந்து படகில்லையாம். சரியான காத்தாம். வெள்ளி வரைக்கும் ஒண்டும் ஓடாது. இண்டைக்கு ரெண்டரைக்குக் கடைசி."

நாளை விடிய ஐந்து மணியோடு மூன்று நாள் முடிகிறது. ரெண்டரைப் படகைப் பிடித்தால் குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் எடுத்து இரவுக்குள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம்.

இடைவேளை மணி அடித்ததும் அதிபரின் அறைக்குப் போனேன்.

"சேர், இண்டைக்கு ரெண்டரைப் படகில போகவேணும். நாளைக்கும் நாளையிண்டைக்கும் லீவு வேணும்."

"ஏன்?"

"ஒரு அலுவல்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காத்தெண்டு ஒரு சொல்லுக் கேட்டாக் காணும், எல்லாருக்கும் அலுவல் வந்திடும். போன மாசமும் மூண்டு பேர் அலுவலெண்டு போய் ஒரு கிழமையால வந்தவை. வெள்ளிக்கிழமை தரம் பத்துக்குச் செய்முறைப் பரீட்சை. விஞ்ஞானத்துக்கு உம்மை விட்டா இஞ்ச ஆர் இருக்கினம்? அப்பிடி என்ன அலுவல், சொல்லுமன்."

வாய் வரைக்கும் வந்தது.

"பெரிசா ஒண்டுமில்லை சேர்."

"அப்ப சனிக்கிழமை போம், பிள்ளை."

ஆசிரியர் அறைக்குத் திரும்பி என் கதிரையில் இருந்தேன். தேநீர் ஆறியிருந்தது. திடீரென ஒரு சோக்குத் துண்டு மேசையில் விழுந்து உருண்டது. எல்லாரும் சிரித்தார்கள். இடப்பக்கத்தில் விளையாட்டு ஆசிரியர் சுதன் கையை வாய்க்குக் குவித்தபடி நின்றார்.

"மூண்டு தரம் கூப்பிட்டிட்டன் ரீச்சர். தொண்டை வத்திப்போச்சு."

"விடுங்கோ சுதன் அண்ணை," என்றாள் மேரிசுகந்தி. "அவள் இஞ்சயே நிக்கிறாள்? தலைக்குள்ள அவளின்ர பாட்டுக்காரர் மரம் அரியினம். அந்தச் சத்தத்தில நீங்கள் கூப்பிட்டுக் கேக்குமே?"

"அப்ப எனக்கும் ஒரு மரம் அரிஞ்சு தரச் சொல்லுங்கோ, வலைக்கம்பம் நடவேணும்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே விளங்கியது. இவர்களில் ஒருவரும் சந்தேகப்படப் போவதில்லை. கஜாலினி கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அது எல்லாருக்கும் தெரிந்த விசயம். நான் ஒன்றும் மறைக்கத் தேவையில்லை. இந்தப் பகிடி எனக்காக மறைத்துத் தரும். இரண்டு கிழமைக்கு, அதற்குப் பிறகும்.

அண்ணன் கிற்றாரை நினைத்தேன். ஒரு மூச்சு முந்தி வருகிறவன். அவன் வராத பாட்டு எனக்கு வேண்டாம்.

அதிபர் தேநீர் எடுக்க உள்ளே வந்தார். எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்றேன். இரைச்சலுக்கு மேலால் என் குரல் எவ்வளவு உயருகிறதென்று எனக்குத் தெரியவில்லை. மேரிசுகந்தி கோப்பையைக் கீழே வைத்ததையும் சுதன் திரும்பியதையும் பார்த்தபோதுதான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

"சேர், எனக்கு இடது காது கேக்குதில்லை. திங்கக்கிழமை விடியத் தொடங்கி ஒரு சொட்டும் கேக்குதில்லை."