ரோட்டோர வரிசை

இந்தக் காலத்தில் ஒருத்தனுக்கும் எதையும் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை என்பது சூசையின் தீர்மானம். சோறு வந்தால் படம், பிள்ளை தடுக்கி விழுந்தால் படம். பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்தும்போதுகூட முன்வரிசையில் நாலு கை போனோடு உயர்கிறது. நெஞ்சில் வைத்துக்கொள்ள இடமில்லாதவன்தான் டப்பாவுக்குள் போட்டு வைப்பான் என்று கோயிலிலிருந்து திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். கேட்க ஆளிருக்காது. மனைவி சகாயராணி பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவரின் மல்லிகைத் தோட்டத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து மூன்று கல்லூரிப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். படிப்புக்காக ஒரு பாட்டுப் படம் எடுக்க வேண்டுமாம். சூசை நிலக்கோட்டைச் சந்தைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, போன வாரமே சகாயராணியிடம் சம்மதம் வாங்கிவிட்டிருந்தார்கள். நாகஜோதி என்ற பெண்தான் பாட்டை எழுதியவள், மற்ற இருவரையும் விரட்டி வேலை வாங்குகிறவள். சிவபிரகாஷ் கேமராக்காரன். பாடிய பானுப்ரியாவே நடிக்கவும் வந்திருந்தாள்.

நாகஜோதி கையில் ஒரு நோட்டு. பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டு, படத்தில் வரப்போவதையெல்லாம் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். கடைசிக் கட்டத்தில் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்க, நடுவில் ஒரு பெண் நடந்துபோகிறாள். நோட்டைப் பார்த்தாள். தோட்டத்தைப் பார்த்தாள். தோட்டம் பச்சையாக இருந்தது. ரோட்டோரம் முதல் வரிசையில் மட்டும் பறிக்க வேண்டிய மொட்டு இன்னும் பாக்கியிருந்தது.

"தாத்தா, பூவெல்லாம் எங்க?"

"பைக்குள்ள இருக்கு. ஒனக்கு முன்னாடியே அது எந்திரிச்சு கெளம்பிருச்சு."

"இல்ல தாத்தா, செடியில. விரிஞ்ச பூ."

சூசை அவளை ஏற இறங்கப் பார்த்தார். மொட்டாகப் பறித்தால்தான் மல்லிகை சந்தைக்கு ஆகும், அன்றைய மொட்டை அன்றைக்கு விடியும்போதே கிள்ளிவிட வேண்டும், விட்டால் சாயங்காலம் வாய் திறந்துவிடும் என்பது பதினெட்டு வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"தோட்டத்துல பூ விரிஞ்சு நின்னா பறிக்க ஆளில்லன்னு அர்த்தம். பறிக்க ஆளில்லன்னா எழவு வீடுன்னு அர்த்தம். இந்தப் பக்கம் பஸ்ஸுல போறவன்கூட பாத்துச் சொல்லிருவான். நாப்பது வருசமா இந்தத் தோட்டத்துல ஒரு வரிசை விரிஞ்சதில்ல, தெரிஞ்சுக்க. எம் மக கல்யாணத்தன்னைக்கே பறிச்சு அனுப்பிட்டுத்தான் நான் புது வேட்டி கட்டுனேன்."

"வியாழக்கிழமை கிளாஸ்ல காட்டணும் தாத்தா. இந்தக் கடைசி ஷாட்டுக்காகத்தான் பாட்டே எழுதுனேன். இது இல்லாம காட்டுனா பெயில்தான்."

"பச்சைய எடு. பச்சையும் நல்ல நெறந்தான்."

அவள் கண் கலங்கியது. சூசை பார்க்காதது மாதிரி பையின் வாயைத் தைத்தார்.

வேனுக்குக் காத்திருந்த நேரத்தில் அவர்கள் மற்ற கட்டங்களை எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு சின்ன ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரே கீச்சு. அதற்கு ஏற்றபடி பானுப்ரியா சத்தமே இல்லாமல் வாயைப் படபடவென்று அசைத்தாள்.

"ஏத்தா, ஒனக்குப் பாட வராதா?"

"அதுதான் தாத்தா பாடுனது, போன வாரம் ரூமுக்குள்ள வச்சு," என்றான் சிவபிரகாஷ். "இப்ப பாட்ட ரெண்டு மடங்கு வேகத்துல விட்டுருக்கோம். இப்படி எடுத்துட்டு மெதுவா ஓட்டுனா, பாட்டும் சரியா இருக்கும், ஆளு தண்ணிக்குள்ள நடக்குற மாதிரியும் தெரியும்."

"பாட்டு ஒரு எடத்துல, வாயி ஒரு எடத்துல. சந்தையில இப்படிச் செஞ்சா எடைக்கல்லப் புடுங்கிருவாய்ங்க, அப்பு," என்று சொன்ன சூசை, பாக்கி வரிசையைப் பறித்து அடுத்த பஸ்ஸில் அனுப்பும்படி சகாயராணியிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

மறுநாள் விடியுமுன் தோட்டத்துப் படலைத் திறக்கும்போதே அவருக்கு மூக்கில் தட்டியது. மொட்டின் வாசம் அடக்கமானது, மடியில் கட்டிவிடலாம். இது அப்படியில்லை, ஆளைப் பிடித்துத் தள்ளியது. ரோட்டோரம் முதல் வரிசை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வெளுத்துக் கிடந்தது. பறிக்கிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வரிசையில் அதிசயமான சுறுசுறுப்போடு பறித்தார்கள். வெள்ளைக்கு நடுவில் சகாயராணி நின்றிருந்தாள்.

"யாரு விடச் சொன்னது?"

"நாந்தேன்."

"அந்தப் புள்ள அழுதுச்சுன்னா?"

"அதுக்குப் பாதி." அவள் ஒரு கிளையை விலக்கிவிட்டாள். "நாப்பது வருசமா மொட்டு மொட்டாக் கிள்ளுறேன். நம்ம செடி மலந்தா எப்படி இருக்கும்னு நான் ஒருக்கா பாக்க வேணாமா? உமக்கு ஆசை இல்லன்னா கண்ண மூடிக்கிரும்."

சூசை வரிசையின் கோடிவரை கண்ணை ஓட்டினார். "அதுக்கு ஒரு வரிசை முழுசுமா?" என்றார். வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். நாகஜோதி வரிசையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். கேமரா ஓடியது, எலிக்குஞ்சு கத்தியது. ஏழு மணிக்குப் பூ ஏற்றும் பீர் முகமது வேனோடு வந்தார். பூவைப் பார்த்தார். சூசை வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தார். ஆளில்லை. வேனை அப்படியே திருப்பிக்கொண்டு, பையைக்கூட ஏற்றாமல் பறந்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து செம்பட்டிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சகாயராணியின் தம்பி ஆண்டனிராஜ். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கையில் பெரிய ரோஜா மாலை. பூவுக்கு நடுவில் தனியாக நிற்கும் அக்காளைப் பார்த்ததும் வண்டியை அப்படியே சாயவிட்டான்.

"அக்கா! மச்சான் போயிட்டாராக்கா! ஞாயித்துக்கிழமகூட என்னய வஞ்சாரேக்கா!"

மோட்டார் ரூமிலிருந்து வேப்பங்குச்சியோடு சூசை எட்டிப் பார்த்தார். "எவன்டா போனான்?"

ஆண்டனிராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். அதற்குள் பின்னால் இரண்டு வண்டிகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய சொந்தபந்தம். அழுதுகொண்டு இறங்கியவர்கள் பாதி அழுகையில் நின்றார்கள்.

"பீர் முகமது பாய் சந்தை பூராம் சொல்லிட்டாரு மச்சான். பூ விரிஞ்சு நிக்குது, ஆளக் காணோம்னு..."

"மாலைய என்னடா பண்ணப்போற?"

"வாங்குனதத் திருப்பிக் கொண்டுபோனா ஆகாது மச்சான்." யோசிக்காமல் அதைச் சூசையின் கழுத்திலேயே போட்டுவிட்டான்.

அப்போது தொடங்கியதுதான். வெள்ளை வரிசைக்கு நடுவில், கழுத்தில் ரோஜா மாலையோடு, கையை நீட்டி நீட்டி சூசை ஒவ்வொருவராகப் பிடித்தார். "ஏலே, உசுரோட நிக்கிறவனுக்கு மாலையாடா போடுறீக? எட்டிப் பாத்துட்டுப் போனா என்ன, அந்தப் பாய்க்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? யாரு செத்தாலும் நான் பறிச்சு அனுப்பிட்டுத்தான்டா சாவேன்!" சகாயராணி சிரிப்பை அடக்க முடியாமல் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நாகஜோதி சிவபிரகாஷின் முதுகில் ஒரு குத்து விட்டாள். கேமரா மெல்லத் திரும்பியது. சூசை கவனிக்கவில்லை. ஷேர் ஆட்டோக்காரரைத் திட்டுவது இன்னும் பாக்கியிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நாகஜோதி முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "மிஸ் ரெண்டாந்தடவ போடச் சொன்னாங்க தாத்தா! கிளாஸே கை தட்டுச்சு."

போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தார்கள். பாட்டு இப்போது எலிக்குஞ்சாக இல்லை, நல்ல குரல்தான். பானுப்ரியா தண்ணிக்குள் நடக்கிற மாதிரி நடந்தாள். அப்புறம் வெள்ளை வரிசை வந்தது. அதில் சகாயராணி உள்ளங்கையைப் பூமேல் வைத்தும் வைக்காமலும் இழுத்துக்கொண்டு நடந்தாள். சூசை கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து அவரே வந்தார். பூக்களுக்கு நடுவில், கழுத்தில் மாலை, கையை மெதுவாக, மிக மெதுவாக வானத்தை நோக்கி விரித்து, வாயை அகலத் திறந்து, கண்ணை உருட்டி, பாட்டின் கடைசி வரியை உருகி உருகிப் பாடினார். குரல் பானுப்ரியாவுடையது.

"நான் எப்பத்தா பாடுனேன்? நான் வஞ்சேன்!"

"நீங்க வேகமா வஞ்சீங்க தாத்தா. மெதுவா ஓடவிட்டோம். பாட்டுக்கு அப்படியே உக்காந்துருச்சு."

"அப்ப நான் வஞ்சது எங்க போச்சு?"

நாகஜோதி சிவபிரகாஷைப் பார்த்தாள். "சத்தத்த எடுத்துட்டோம் தாத்தா."

"சொன்னத எடுத்துட்டு, சொல்லாதத வச்சிருக்கீக. இதுக்கு ஒரு காலேஜ்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "தண்ணி திருப்பணும்."

"இன்னொருக்கா போடு தாயி," என்று பின்னால் சகாயராணி சொல்வது கேட்டது. "அந்தாளு பாடுறத மட்டும்."

தோட்டத்தில் முதல் வரிசை மறுபடி பச்சையாகிவிட்டிருந்தது. உதிர்ந்த பூக்கள் காய்ந்து செடிகளின் காலடியில் கிடந்தன. மண்வெட்டியால் மடையை வெட்டினார். வீட்டிலிருந்து பாட்டு கேட்டது. அவருடைய வரி வரும் நேரம் பார்த்து, "உசுரோட நிக்கிறவனுக்கு மாலையாடா" என்று வாய்க்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஒட்டவே இல்லை. ஏமாத்துப் பயலுக என்று தலையை ஆட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். அவருக்கு முன்னால் வாய்க்கால் தண்ணீர், காய்ந்த பூக்களை ஒவ்வொன்றாகக் கிளப்பிச் சுமந்துகொண்டு போனது. ரோட்டில் பீர் முகமதுவின் வேன் வேகத்தைக் குறைத்தது. கண்ணாடி இறங்கி ஒரு தலை வெளியே நீண்டு, முதலில் வரிசையைப் பார்த்தது, பிறகு அவரைத் தேடியது.