ஊறப் போட்டாச்சா?

எங்கள் ஆய்வகத்தில் ஆறாம் கூண்டு எலிக்கு நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. துரை எழுந்து வந்து தீனி வாங்கமாட்டார். மூக்கடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அன்று காலை டாக்டரம்மா ஆறு எலிகளுக்கும் கால் எலும்பில் அறுவை செய்து, முதுகுத் தோலுக்கடியில் மாத்திரை அளவு பம்ப் ஒன்றை வைத்துத் தைத்தார். அது புதிய வலிமருந்தை ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக விடும். முந்தின சாயங்காலமே அதை வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறப் போடவேண்டியது என் வேலை. ஊறாத பம்ப் உடம்புக்குள் போயும் நாலைந்து மணி நேரம் சும்மா கிடக்கும்.

மயக்கம் தெளிந்து ஐந்து எலிகள் நடமாடின. மாப்பிள்ளை மட்டும் முதுகைக் கூனி, கண்ணை இடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தான். அப்போதுதான் உறைத்தது. காற்றுக்குமிழ் இருக்கிறதென்று ஒரு பம்பை மறுபடி நிரப்பித் தட்டில் வைத்தவள், அதை நீரில் போடாமலே பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். ஊறியதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று டாக்டரம்மா நம்பிவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கினால் வலி வேறொருவனுக்கு.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்குள் பம்ப் தானாக வேலை செய்யும், யாருக்கும் தெரியாது. சொன்னால் வேறு மருந்து போட வேண்டும், மாப்பிள்ளை ஆய்வுக் கணக்கில் சேரமாட்டான். போன தடவை ஐந்தே எலிதான் என்று டாக்டரம்மாவின் கட்டுரை திரும்பி வந்திருந்தது. ஒரு வாரம் கழித்து ஆறுக்கும் ஒரே முடிவு, சாவுதான். அதுவரை வலிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே நான் இருக்கிறேன்?

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"நேத்து போன் பண்ணி ஊறப் போட்டாச்சான்னு கேட்டேனே. போட்டாச்சுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே?"

என் கை ஈரமென்று என் வீட்டுக்காரர்தான் போனை எடுத்திருந்தார். கேள்வியை மட்டும் சமையலறைப் பக்கம் ஏலம் விட்டார். கேட்டது யாரென்று சொல்லவில்லை. மாமியார் என்று நினைத்து, போட்டாச்சு என்றேன்.

"அது கொண்டைக்கடலை, மேடம்."

 டாக்டரம்மா மாப்பிள்ளைக்கு வலி ஊசி போட்டார். பதிவேட்டில் ஆறாம் வரியை அடித்தபோது பேனா ஒரு நொடி நின்றது. 

அரை மணியில் மாப்பிள்ளையின் கூன் நிமிர்ந்தது. டாக்டரம்மா கூண்டருகே வந்து நின்றார்.

"அந்தக் கடலை உங்க சாப்பாட்டு டப்பாவுல இருக்கா? அவனுக்குக் குடுங்க. இனி அவன் எதைத் தின்னாலும் கணக்குக் கெடாது."

ஒரு கடலையை மூக்கடியில் கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றான்.