காதுக்கு ஒரு கோப்பை

என் மருமகளின் வலது காது ஒரு பீங்கான் கோப்பைக்கு விலைபோனது. வெள்ளைக் கோப்பை, கைப்பிடியில் ஊதாக் கோடு, வயிற்றில் ஒரு கம்பெனிச் சின்னம். அது எவ்வளவு பெறும் என்று மூன்று பாத்திரக்கடைகளில் விசாரித்துவிட்டேன். டஜனாக எடுத்தால் இன்னும் குறைத்துத் தருவார்களாம்.

விற்றவர் வெளியாள் இல்லை, அவளைப் பெற்றவர்தான். என் அக்காவின் கணவர். நானும் அவரும் சேர்ந்து குழாய்க் கடை நடத்துகிறோம். தெரு முழுக்க அவருக்கு ‘பாதி’ என்று பெயர். யார் என்ன விலை சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பல் பிடுங்கும் கூலி, எதுவானாலும் பாதியில் ஆரம்பித்து முக்காலில் முடிப்பார். கல்யாணப் பேச்சின்போது அக்காவுக்கு வயது இருபத்து நாலு என்று அப்பா சொன்னதும், அத்தான் என்ன கேட்டுவிடுவாரோ என்று நாங்கள் நடுங்கியதாக இன்றும் வீட்டில் கேலி உண்டு.

மருமகளுக்குப் பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. ஐந்து வயதில், வலது காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து ஒரு சின்னப் பொருளை உள்ளே வைத்தார்கள். வெளியே காந்தம்போல ஒட்டிக்கொள்ளும் வில்லை ஒன்று. இரண்டும் சேர்ந்தால் சத்தம் கேட்கும். விற்க வந்தவன் இரண்டு வகை காட்டினான். ஒன்று யார் தயவும் இல்லாமல் தானே ஓடும். மற்றது மாதம் ஒரு முறை கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு மாதம் உழைக்கலாமா என்று அனுமதி கேட்கும். சரி என்று பதில் வந்தால் உழைக்கும். இரண்டாவது முப்பது சதவீதம் மலிவு. அத்தான் மேற்கொண்டு ஐந்து சதவீதம் பிடுங்கினார், ஒரு பேட்டரிப் பெட்டி இனாமாக வாங்கினார். வந்தவன் வியர்த்துப்போய் இறங்கிப் போனதைப் பார்த்து, அவன் தோற்றுப் போகிறான் என்று நானும் நினைத்தேன்.

அதோடு விட்டாரா? “வெறும் வாடிக்கையா வெளிய நிக்கிறவன்தான் மாப்ளே ஏமாளி. கூட்டாளியா உள்ள இருக்கணும்” என்று அதே கம்பெனியின் பங்குகளையும் வாங்கிப் போட்டார்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. வாண்டு கேட்டது, பேசியது, பிறகு வாயே மூடவில்லை. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒரு ஸ்பானரை எடுத்து எந்தக் குழாயைத் தட்டினாலும் அது முழுப் பித்தளையா, மேல்பூச்சா என்று சொல்லிவிடுவாள். பித்தளை நீளமாகப் பாடுமாம், பூச்சு இருமுமாம். வாடிக்கையாளர் முன்னால் இதைச் செய்ய வேண்டாம் என்று நான் தனியாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

பிறகு ஒரு நாள் அத்தானின் போனில் செய்தி வந்தது. அந்தக் கம்பெனி ‘வரலாற்றுப் பாய்ச்சல்’ எடுக்கிறதாம். இனி முழுக்க முழுக்கச் செயற்கை நுண்ணறிவுதானாம். பங்கு விலை காலையில் மட்டும் நாற்பது சதவீதம் ஏறியிருந்தது. கடையில் இருந்த எல்லோருக்கும் அத்தான் டீ சொன்னார், முழு விலை கொடுத்து.

இந்தத் தொழில்நுட்பச் செய்திகளை நான் சந்தைக்காரனாகத்தான் படிப்பேன். தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுகிறவன் எவனும் தள்ளிவிடுகிறேன் என்று பலகை மாட்ட மாட்டான். ஆளை வீட்டுக்கு அனுப்பினால் சீரமைப்பு, கடையை இழுத்து மூடினால் கவனக் குவிப்பு. எங்கள் தெருவில் பஞ்சர் ஒட்டுகிறவர்கூடப் பலகையில் ஏஐ என்று எழுதிவிட்டார். கேட்டால், “எழுதலன்னா பழைய ஆளுன்னு நினைக்கிறாங்க அண்ணே” என்கிறார். அவராவது இன்னும் பஞ்சர் ஒட்டுகிறார்.

“எல்லாம் சரி அத்தான், பாய்ச்சல்னா எதை விட்டுட்டுப் பாயுறாங்க?” என்றேன்.

“உனக்கு எப்பவும் சந்தேகம்தான். நம்ம சப்ளையர் பணக்காரன் ஆனா நமக்கு நல்லதுதானே?”

விட்டது எதை என்று சாயங்காலம் அக்காவின் போன் சொன்னது. செவிக்கருவிப் பிரிவு ‘அந்தி நேரத்துக்கு’ வருகிறதாம். மூடுகிறோம் என்பதை இப்படி எழுதியவனுக்கு ரசனை இருந்திருக்கிறது. அடுத்த அனுமதிக் கோரிக்கைக்கு சர்வர் பதில் தராது. இதுவரை உடன் பயணித்ததற்கு நன்றி. அடியில் ஒரு இதயப் படம்.

அக்கா அதை மூன்று முறை வாசித்தாள். “வாசிக்கத் தெரியாம வாசிக்கிறேனா? ஒரு தடவை நீங்க வாசிங்க” என்று போனை அத்தானிடம் நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த கோரிக்கைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

கம்பெனிக்குப் போன் செய்தால் மனிதர் யாரும் எடுக்கவில்லை. ‘தோழி’ என்ற ஒரு எந்திரக் குரல்தான் வந்தது. தேன் தடவிய குரல். அத்தான் சாப்பாட்டு மேஜையில் போனை நிறுத்தி வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேரத்துக்கு உட்காரும்போது எப்போதும் அப்படித்தான்.

“ஒரு வருஷம் மட்டும் நீட்டிச்சுக் கொடும்மா. பணம் எவ்வளவுன்னு நீயே சொல்லு.”

“உங்கள் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. குழந்தைமீது நீங்கள் வைத்திருக்கும் அக்கறை மனதைத் தொடுகிறது.”

“மனசைத் தொட வேணாம். விலையைச் சொல்லு.”

“அருமையான கேள்வி! உங்கள் ஆலோசனையை உரிய குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.”

“குழுவில யாரு? பேரு சொல்லு, நான் நேர்ல வர்றேன்.”

“நிச்சயமாக! உங்களுக்கு உதவ நானே இங்கே இருக்கிறேன்.”

“அந்தச் சனியன்கிட்ட மனுஷன் யாராவது இருக்கானான்னு கேளுங்க” என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

கேட்டார். அதுவும் அருமையான கேள்வியாம். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் தோழி தானாகவே ஒரு சலுகையை எடுத்து நீட்டியது. அலுவலகக் கூட்டங்களில் யார் என்ன பேசினாலும் அதிகாரிக்குப் பதிலாகத் தானே கேட்டுக் குறிப்பெடுக்கும் புதுக் கருவி. அத்தானுக்காக மட்டும் பாதி விலை.

தன்னுடைய சொல்லை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டு அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். முடியாது என்கிற வியாபாரியிடம் மன்றாடலாம், சண்டை போடலாம், எழுந்து போவதுபோல நடிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டு எதையும் தராதவனிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் டாக்டரிடம் போனோம். உள்ளே இருப்பதற்கு வேறு கம்பெனி வில்லை ஒட்டாது என்றார். பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அதுவும் எலும்பு வளர ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அப்படியும் மறுபடி இதேபோலக் கேட்குமா என்பது பாதிக்குப் பாதி.

“முழுசுக்கு என்ன ஆகும் டாக்டர்?” என்றார் அத்தான். “எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. முழுசா வேணும்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கதவு. பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம் அதே மாதம் இருந்தது. காதுப் பிரிவை மூடுவது ஏழாவது தீர்மானம். அது நிறைவேறினால்தான் மூட முடியும். அத்தானுக்குத் திடீரென்று உயிர் வந்துவிட்டது. “வாடிக்கைன்னாதானே எந்திரத்தை விட்டுப் பேச வைக்கிறான்? முதலாளின்னா நாற்காலி போட்டாகணும். நான் எழுந்து நின்னு முடியாதுன்னு ஓட்டுப் போடுவேன் மாப்ளே. நாலு பேரு கேட்டா நாலு பேரும் போடுவாங்க.”

நல்ல சட்டை போட்டுக்கொண்டு, காசோலைப் புத்தகத்தைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். பேச்சைக் கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்தார் என்று வாண்டு என்னிடம் போட்டுக்கொடுத்தாள்.

பெரிய மண்டபம். குளிர் எலும்பைக் கடித்தது. மேடையில் தலைவர். உலகப் பணக்காரர்களில் ஒருவர், போட்டிருந்தது கசங்கின பனியன். இவர்களுக்கு இது ஒரு சீருடை. எங்கள் கடைக்கு வரும் ப்ளம்பர்கூடச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார். தலைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே பேசினார். மற்ற கம்பெனிகளிடம் இல்லாத ஒரு புதையல் எங்களிடம் இருக்கிறது, மனிதக் காது ஒலியை எப்படிப் பிரித்தெடுக்கிறது என்ற பல வருடத் தரவு, அதை வைத்துத்தான் எங்கள் கருவி கூட்டங்களில் கேட்கக் கற்றுக்கொண்டது என்றார். மண்டபம் கை தட்டியது. மருமகள் குழாய்களைத் தட்டித் தட்டிக் கேட்டதெல்லாம் யாருக்குப் பாடம் ஆகியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கேள்வி நேரத்தில் அத்தான் எழுந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, என் பொண்ணு காதுல உங்க சாமான் இருக்கு. நீங்க கடையை மூடுங்க, வேணாங்கல. அனுமதி கேக்காம ஓடுற மாதிரி அந்தப் பூட்டை மட்டும் திறந்து விட்டுடுங்க. அதுக்கு விலை சொல்லுங்க. நான் பேரம் பேச மாட்டேன்.”

தெருவில் யாராவது இதைக் கேட்டிருந்தால் நாடகம் என்று சிரித்திருப்பார்கள்.

“உங்க கதை எங்க எல்லாரையும் உருக்குது சார்” என்றார் பனியன்காரர். “ஆனா அது எங்க அறிவுச்சொத்து. தனியா விற்பனைக்கு இல்ல.”

“விலை இல்லாத பொருளே கிடையாதுங்க.”

“விலை இருக்கு. வாங்கினா மொத்தப் பிரிவையும் வாங்கணும்.” பிறகு நிஜமான பரிவோடு, “உங்ககிட்ட அவ்வளவு இருக்கா சார்?” என்றார்.

சிலர் சிரித்தார்கள். அத்தானும் பழக்கத்தில் லேசாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்க வழி தெரியாமல் அப்படியே நின்றது.

“அப்ப என் ஓட்டு ‘முடியாது’. எழுதிக்குங்க.”

ஓட்டுக் கணக்கைக் கவனித்த பெண் கையிலிருந்த திரையைத் தடவிப் பார்த்துவிட்டு எங்களருகே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சார், ஓட்டு எல்லாம் போன்லயே முடிஞ்சுடுச்சு. இன்னைக்கு அறிவிக்கிறது மட்டும்தான். ஓட்டு ஆரம்பிச்ச முதல் நாளே நீங்க போட்டிருக்கீங்க. எல்லாத் தீர்மானத்துக்கும் ஆமாம்னு” என்றாள்.

“நானா? நான் எங்கம்மா போட்டேன்?”

“சீக்கிரம் ஓட்டுப் போட்டவங்களுக்கு ஒரு கோப்பை அனுப்பினோமே சார். வந்து சேரலையா?”

வந்து சேர்ந்திருந்தது. அக்காவின் போனுக்கு அந்தச் செய்தி வருவதற்குச் சில நாள் முன்னால், அவர் அந்த ஓட்டைப் போட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அத்தான் தராசில் ஒரு கண், போனில் ஒரு கண். ‘எதிர்கால வளர்ச்சிக்கு வளங்களைத் திருப்புதல்’ என்று ஏழாவதாக என்னவோ இருந்தது. விலை ஏறும் என்றும் போட்டிருந்தது. கீழே ஒரு பொத்தான். அத்தான் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “இனாமா கோப்பை தர்றானாம் மாப்ளே” என்றார். ஐந்து கிலோ ஆணி வாங்கினால் சீட்டை மூன்று தடவை கூட்டிப் பார்க்கிற மனிதர். இனாம் என்றதும் கூட்டல் மறந்துவிட்டது. கோப்பை வந்த நாளிலிருந்து கடையில் அதில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்த அந்தப் பெண், “வருத்தப்படாதீங்க சார். தொண்ணூத்தி நாலு சதவீதம் ஆமாம். உங்க ஓட்டு எப்படிப் போட்டிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது” என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் பொருளைக் கொடுத்தவனிடம் அந்தப் பொருளுக்கு மதிப்பே இல்லை என்றும் சொன்னால் அவன் எதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பான்?

திரும்பும் வழியில் அத்தான் வண்டிக்காரர் கேட்ட கூலியை அப்படியே கொடுத்தார். வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று இருவரும் காத்திருந்தோம். உள்ளே போய்க் குழந்தைக்குத் தலை வாரிவிட ஆரம்பித்தாள். வாரிய தலையையே மறுபடி மறுபடி வாரிக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் வாண்டு வழக்கம்போலக் கடைக்கு வந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஏழு வயதுக்காரியிடம் எதை மறைக்க?

“அப்பா, இனிமே நீ என்னைத் திட்டினா எனக்குக் கேக்காது. உனக்குத்தான் நஷ்டம்.”

“உன்னை எப்ப திட்டினேன்?”

“நீ மாமாவைத் திட்டுறது இப்ப கேக்குதுல்ல. அது நல்லாருக்கும்.”

ஸ்பானரை எடுத்துக்கொண்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு குழாயாகத் தட்டி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டாள். அவசரமே படவில்லை. கடைக்கு வந்தவர்களை நான் வாசலிலேயே பேசி அனுப்பிக்கொண்டிருந்தேன். நடுத்தட்டுக்கு வந்தபோது அவள் கை சட்டென்று காதுக்குப் போனது. வில்லையை எடுத்துத் துடைத்து மறுபடி ஒட்டிப் பார்த்தாள். கையிலிருந்த குழாயை மெல்லத் தட்டினாள். பிறகு ஓங்கித் தட்டினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் அத்தானைப் பார்த்தாள்.

அத்தான் அவள் முன்னால் குனிந்து, உதடு தெளிவாகத் தெரியும்படி கேட்டார். “இது என்னம்மா? பித்தளையா, பூச்சா?”

அவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையில் எடை போட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு முறை தட்டினாள். பிறகு, சுருதி பிசகிய குரலில், “பித்தளை” என்றாள்.

அது பூச்சு. மட்டமான பூச்சு. திருப்பி அனுப்ப எடுத்து வைத்திருந்த சரக்கு.

“ஆமாம்மா” என்றார் அத்தான். “பித்தளையேதான்.”

அந்த வாரமே பங்குகளை விற்றுவிட்டார். பேரம் பேசவில்லை, திரை காட்டிய விலைக்கே கொடுத்தார். ஆஸ்பத்திரியிலும் கேட்ட தொகையை அப்படியே முன்பணமாகக் கட்டினார். என்னிடம், “மாப்ளே, கணக்கை நீயே முடிச்சிடு. என்னால முடியல” என்றார். முடித்தேன்.

வரவு: பங்கு விற்றது, எட்டு லட்சத்து நாற்பதாயிரம். கோப்பை, ஒன்று.

பற்று: அடுத்த வருட ஆபரேஷன், பாதி வாய்ப்புக்கு முழு விலை, எட்டு லட்சத்து முப்பத்தாறாயிரம். பித்தளை என்று மகளிடம் தள்ளிய பூச்சுக் குழாய், ஒன்று. காது, ஒன்று.

கையில் மீதி நாலாயிரமும் ஒரு கோப்பையும். எப்படிக் கூட்டினாலும் லாபம் என்றுதான் வருகிறது.