வலது பக்கம் திரும்பாத கழுத்து

வெலிமிருக்கு இரண்டு மாதமாகக் கழுத்து இடது பக்கம் மட்டும்தான் திரும்பியது. வேறு தொழிலில் இருந்தால் இதைக் கொள்கைப் பிடிப்பு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவன் கிகிந்தா நகரத்திலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குப் பேருந்து ஓட்டுபவன். பயணிகள் ஏறும் கதவோ வலது பக்கம். அதனால் நேரே சாலையைப் பார்த்தபடியே டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான். இந்த ஆளுக்கு என்ன திடீர்த் தலைக்கனம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். குறுக்குச் சாலை வந்தால் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பினான். பீரோவை நகர்த்துவதுபோல் இருந்தது.

ஓட்டுநர்களுக்கான ஆறு மாதப் பரிசோதனையில் மருத்துவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். "வலப்பக்கம் பாருங்க," என்றார். வெலிமிர் கண்ணை மட்டும் அனுப்பினான். மருத்துவர் தகுதிச் சான்றில் குத்தவேண்டிய முத்திரையை மேசை இழுப்பறைக்குள் போட்டார். இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வரவேண்டும். அன்றைக்கும் கழுத்து திரும்பவில்லை என்றால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பணிமனையில் பேருந்து கழுவும் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

நோயின் காரணத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குறுக்குக் காற்று. அந்த ஊரில் பல்வலியிலிருந்து பரீட்சைத் தோல்வி வரை எல்லாமே எதிரெதிரே திறந்திருக்கும் இரண்டு ஜன்னல்களால் வருவதுதான். அவன் மனைவி யெலிட்சா ஜூன் மாத வெயிலில் வீட்டின் எல்லா ஜன்னலையும் சாத்தினாள். கதவின் அடியிடுக்கில் கம்பளியைச் சுருட்டி வைத்தாள். அவன் கழுத்தில் பிளம் சாராயத்தைத் தேய்த்து, முட்டைக்கோஸ் இலையைச் சுற்றி, அதன் மேல் துண்டைக் கட்டினாள். சாராயம் வெளிப்பூச்சாகவே வீணாவதில் வெலிமிருக்கு வருத்தம். இலையும் தானுமாகச் சேர்ந்து வெந்து பரிமாறத் தயாராகிவிட்டதாகவும் ஒரு நாள் தோன்றியது.

உண்மையான குற்றவாளியை அவன் தற்செயலாகத்தான் பிடித்தான். கடைசி நிறுத்தத்தில் மதியம் நாற்பது நிமிட ஓய்வு. புழுக்கம் தாங்காமல் பேருந்தின் இரண்டு பக்க ஜன்னல்களையும் திறந்துவிட்டு, ஸ்வெட்டரைச் சுருட்டிக் கழுத்துக்கடியில் வைத்துப் பின்சீட்டில் படுத்தான். காற்று தாறுமாறாக அடித்தது. எழுந்தபோது செத்திருக்க வேண்டும். மாறாக, கழுத்து இரண்டு விரல் அளவு வலப்பக்கம் திரும்பியது. நிறுத்தத்தை ஒட்டிய வேலிக்கு அப்பால், விதவை ஸ்மில்யாவின் வெள்ளை வாத்துகள் தெரிந்தன.

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. ஏப்ரலில் அவர்களுடைய இருபத்தைந்தாம் திருமண நாள். அதற்கு மாமியார் பெர்சிதா என்ன செய்தாள் என்றால், மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த இரண்டு சதுரத் தலையணைகளையும் வாங்கிப் போய், இறகைக் கழுவி வெயிலில் காயவைத்து, போதாக்குறைக்குப் புதிதாகப் பதினோரு வாத்துகளின் இறகையும் திணித்துத் தைத்து அனுப்பினாள். முன்பே அவை சிறிய தலையணைகள் அல்ல. இப்போது ஒவ்வொன்றும் சினைப்பசு மாதிரி படுக்கையில் உட்கார்ந்திருந்தது. வெலிமிர் அதில் தலை வைத்தால் மோவாய் நெஞ்சில் இடித்தது. படுத்தபடியே தன் தொப்பையை முழுதாகப் பார்க்க முடிந்தது. அந்தக் காட்சிக்காக யாரும் இரவெல்லாம் கழுத்தை மடக்கிக்கொண்டு கிடக்க மாட்டார்கள்.

யெலிட்சாவிடம் சொல்லலாம்தான். ஆனால் அந்த வீட்டில் மாமியாரின் தலையணையைக் குறைசொல்வது, மாமியாரையே குறைசொல்வதைவிடப் பெரிய குற்றம். வெலிமிர் கோழைகளுக்கே உரிய நுணுக்கமான திட்டம் ஒன்றைப் போட்டான். தினமும் காலையில் யெலிட்சா காப்பி போடும் நேரத்தில் தையலில் இரண்டு விரல் நுழைத்து ஒரு பிடி இறகை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வது. மதியம் அதை ஸ்மில்யாவின் வேலிக்குப் பின்னால் கொட்டுவது. வாத்துகள் மேயும் இடத்தில் கிடக்கும் இறகை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இறகை யாரும் சந்தேகப்படவில்லை. அவனைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

ஒரு வாரம் எடுத்தும் தலையணை இளைக்கவில்லை. எடுத்த இடத்தை மற்ற இறகுகள் நிமிர்ந்து நிரப்பிக்கொண்டன. பரிசோதனைக்கு இன்னும் நான்கு நாள். திங்கட்கிழமை மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது, யெலிட்சா அவன் சட்டைக் காலரிலிருந்து சின்ன வெள்ளை இறகு ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடி இல்லாத குறையாகப் பார்த்தாள்.

"ஸ்மில்யா எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருப்பா," என்றான் வெலிமிர், அப்பாவியாக.

"மூணாவது மாடி தேசங்கா நேத்து உன் வண்டியிலதான் வந்தாளாம். வேலிக்குப் பின்னால போயிட்டு, உடம்பெல்லாம் இறகோட, சிரிச்சுக்கிட்டே வந்தியாம். தினமும் இதுதானாம். ஏன் வெலிமிர், கழுத்து திரும்பாத ஆளுக்கு இதெல்லாம் எப்படி முடியுது?"

வெலிமிரின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. விதவையை ஒப்புக்கொள்ளலாம், அல்லது தலையணையை ஒப்புக்கொள்ளலாம். ஒரு கணம் விதவையையே அவன் மனதாரப் பரிசீலித்தான். அதில் மாமியார் வரமாட்டாள். பிறகு, சோபாவின் நுனியில் உட்கார்ந்து மடியில் கையைக் கோத்துக்கொண்டிருந்த யெலிட்சாவின் உதடு லேசாக நடுங்குவதைக் கண்டான். வாய் தானாகத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. தையல், இரண்டு விரல், சாப்பாட்டுப் பை, பதினோரு வாத்து, தொப்பை எல்லாம்.

"எங்கம்மா ஒவ்வொரு இறகா காம்பு கிள்ளிப் போட்டது," என்றாள் யெலிட்சா. "அந்த ஸ்மில்யாவைத்தான்னு சொல்லியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்."

"வேணும்னா இப்பவும் மாத்திச் சொல்றேன்."

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். இவனும் பின்னாலேயே போனான். தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, "படு," என்றாள். வெலிமிர் படுத்தான். அவள் பக்கவாட்டில் போய் நின்றாள். குனிந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். விம்மல்போல் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று வெலிமிர் பயந்தான். வலது பக்கம் நின்றதால் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை.

"அடைகாக்கிற கோழி மாதிரி இருக்கே," என்றாள், மூச்சுவிட முடியாமல். சிரிப்பு அடங்கியதும் குரல் தாழ்ந்தது. "இத்தனை வருஷமும் பக்கத்துல படுத்துத்தான் பார்த்திருக்கேன். நின்னு பார்த்ததே இல்ல."

அப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. யெலிட்சா திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அளவெடுக்காமல் எதையும் நம்பமாட்டாள். அவனை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிக் காதிலிருந்து தோள் வரை நாடாவைப் பிடித்தாள். மல்லாக்கப் படுக்கச் சொல்லி, கழுத்துக்கும் மெத்தைக்கும் நடுவே தன் கையை நுழைத்து, எத்தனை விரல் போகிறது என்று பார்த்தாள். கத்தரிக்கோலால் சீதனத் தலையணையின் வயிற்றை ஒரே இழுப்பில் திறந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். அறை முழுக்கப் பனி பெய்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

தாழ்வான சின்னத் தலையணை ஒன்று பிறந்தது. அதன் கீழ்விளிம்பில் கழுத்துக்கு மட்டும் இறுக்கமான ஓர் உருளை. தலை நடுவில் அமர்ந்தது. மூக்கு நேராக விட்டத்தைப் பார்த்தது. கழுத்தின் வளைவில் அவள் விரல்நுனி நுழையக்கூட இடமில்லை. வெலிமிர் நன்றி சொல்ல வாயெடுத்தான், அதற்குள் தூங்கிவிட்டான். பழைய சதுர உறைக்குள் குளிர்கால ஸ்வெட்டர்களைத் திணித்து, அம்மா வந்தால் தெரியாதபடி படுக்கைமேல் நிமிர்த்தி வைத்தாள் யெலிட்சா. அந்த வீட்டில் கோழை ஒருவர் மட்டும் அல்ல என்று வெலிமிருக்கு மறுநாள் தெரிந்தது. அவனுக்கு அவள்மேல் பிரியம் இன்னும் கூடிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை மருத்துவர் விரலைக் காட்டினார். கழுத்து கிறீச்சிட்டது, தயங்கியது, பிறகு விரலோடு கூடவே திரும்பி, மோவாய் தோள் வரை போயிற்று. என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டார். வீட்டு வைத்தியம் என்றான் வெலிமிர். முத்திரை 'டப்'பென்று விழுந்தது.

மறுநாள் காலை முதல் நடை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறியவர்களின் முகத்தைப் பார்த்து டிக்கெட் கொடுத்தான். தேசங்காவுக்குச் சற்று அதிக நேரம் பார்த்துக் கொடுத்தான். அவள் சில்லறையைக்கூட எண்ணாமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஊர் எல்லையில் வலப்பக்கம் பார்த்தவன் சட்டென்று பிரேக்கை மிதித்தான். சூரியகாந்தி வயலுக்கு முன்னால் புதிதாக ஒரு ரொட்டிக்கடை, பச்சைக் கதவோடு.

"இது எப்ப வந்துச்சு?"

"ரெண்டு மாசம் ஆச்சு, மாஸ்டர்," என்றார் முன்சீட்டுப் பெரியவர். "நீங்கதான் எங்க யாரையும் மதிக்கிறதில்லையே."

வெலிமிர் பேருந்தை ஓரங்கட்டினான். இரண்டே நிமிடம் என்று பயணிகளிடம் கெஞ்சிவிட்டு இறங்கி ஓடி, கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்று யெலிட்சாவுக்கு, ஒன்று தனக்கு. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தன்னுடையதைத் தின்று முடித்து, அவளுடையதில் ஓரத்தை லேசாகக் கிள்ளியிருந்தான்.