அந்த வரியை அடிங்க

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவளை எல்லாரும் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்கு அவள் போடும் கஞ்சி அப்படி. அப்படியொரு கோட்டுக்குள் இருந்த ஆள்தான் போன மாதம் அவளுடைய சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டார்: "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை."

அவளுக்கு இதயம் பலவீனம். நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்ளும். அதை இறக்க நீர் மாத்திரை, காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மூன்று வருஷமாக ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அதைப் போட்டுவிட்டு அவள் கழிப்பறைக்கு ஓடுகிற ஓட்டத்தைச் சலவைக்கூடமே கேலி செய்யும். ஆனாலும் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, பாதம் மரத்துப்போனது. மருந்து நல்ல மருந்து, அப்படியானால் பொய் சொல்கிறவள் இவள்தான் என்று டாக்டர் முடிவுகட்டிவிட்டார்.

மகள் அந்த வரியைப் படித்த நாளிலிருந்து வீட்டில் போலீஸ் காவல்தான். மாத்திரை தொண்டையில் இறங்கியதும், "வாயைத் திற. நாக்கைத் தூக்கு." ஐம்பத்தாறு வயதில், பெற்ற மகள் முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டுவதென்றால்! கஞ்சியக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த தடவை போனபோது, மாத்திரையின் அளவைக் கூட்ட டாக்டர் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர். கஞ்சி போட்ட துணியை மறுபடி அலசினா என்ன ஆகும்?"

"என்னம்மா கேக்கறீங்க?"

"கஞ்சி தண்ணியோட போயிடும். துணி துவண்டு தொங்கும். எங்க கூடத்துல புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரு தடவை செய்யற தப்பு அது. நீங்க மூணு வருஷமா என்னை அலசிக்கிட்டே இருக்கீங்க. தண்ணி மட்டும்தான் போகுதா, கூட வேற ஏதாச்சும் போகுதா?"

"அம்மா, சும்மா இரு," என்று மகள் கையை இழுத்தாள்.

"சும்மா இருந்ததுக்குத்தான் பொய்க்காரிப் பட்டம் கிடைச்சிருக்கு."

டாக்டர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"போகும்," என்றார். "சில பேருக்கு பி ஒன் வைட்டமினும் சிறுநீரோட போயிடும். அது குறைஞ்சா இதயம் இன்னும் துவளும், காலும் மரத்துப்போகலாம். நான் முன்னாடியே பார்த்திருக்கணும்."

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் முடிவு வந்தது. பி ஒன் தரைமட்டம்.

"வைட்டமின் மாத்திரை தர்றேன். ஆனா நீர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதனால எல்லாம் சரியாயிடும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

"சொல்ல வேண்டாம். அந்த வரியை அடிங்க."

"கீழ புதுசா எழுதிடறேனே."

"மேல இருக்கறதைத்தானே முதல்ல படிப்பாங்க? அடிங்க."

அடித்தார். பக்கத்தில் வேறொரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டார். கஞ்சியக்கா சீட்டை வாங்கி மகளிடம் நீட்டினாள்.

"படி."

"மருந்தைத் தவறாமல் எடுத்து வந்திருக்கிறார்," என்று மகள் முணுமுணுத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கதவு திறந்து கிடந்தது, வெளியே வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"சத்தமா," என்றாள் கஞ்சியக்கா.