நகரத்திடமிருந்து இரவல்

எங்கள் வீடு காட்சிக்கூடத்துக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. ராயபுரத்தில் மேம்பாலம் கட்ட எங்கள் தெருவை எடுத்தபோது ஓவியம் வரையும் ஒரு பெண் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். நான் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தால் வாசலுக்கு எதிரே வெள்ளைச் சுவர்.

கதவோரம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். ‘பழைய எண் 9, புதிய எண் 22. செங்கல், சுண்ணாம்பு, கனகவல்லி. நகரத்திடமிருந்து இரவல்.’ கனகவல்லி நான்தான். சுண்ணாம்புக்குப் பிறகு என்னைப் போட்டதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

காட்சிக்கூடம் தினமும் நீள்கிறது. சமையலறையிலிருந்து குளியலறைக்கு இப்போது ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். நான் வெங்காயம் நறுக்குவதை ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள். ஒருவர் அழுதார். வெங்காயத்துக்கா நகரத்துக்கா தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை காட்சிக்கூட மேலாளர் மகிமைராஜ் படிவத்தோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமையோடு கண்காட்சி முடிகிறது, இரவல் பொருள்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்றார். அந்த இடத்தில் பாலத்தின் மூன்றாம் தூண் நிற்கிறதே என்றேன்.

“அப்ப தூண்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்கம்மா.”

போனேன். தூண் மரியாதையாகத்தான் பேசியது. தானே நெருக்கிக்கொண்டு நிற்பதாகவும், வீட்டை வைக்க இடமில்லை என்றும் சொன்னது. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு எல்லாரும் வருவார்கள் என்று பயப்பட்டது.

மகிமைராஜ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இடம் இல்லாத பொருள்களை மரப்பெட்டியில் போட்டு ஆணி அடிப்பது வழக்கமாம். பெட்டியும் வந்து இறங்கியது. என் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. வந்த அவசரத்தில் பால் காய்ச்சவே இல்லை. பால் காய்ச்சாதவள் எப்படிக் குடிவந்தவள் ஆவாள்? என்னைப் பொருள் என்று நினைத்ததில் அவர்கள் மேல் குற்றமில்லை.

அரை லிட்டர் பாக்கெட் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். பால் நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. கூரையிலிருந்த புகை மணி அலறியது. மகிமைராஜ் ஓடி வந்தார். வந்தவருக்குச் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் கொடுத்தேன். அவரும் வாங்கிக் குடித்தார். பாதியில் நிறுத்தினார்.

“இது புதுசா குடிவந்து காய்ச்சற பாலா?”

“ஆமா சார். நல்லாப் பொங்குச்சு.”

“நான் குடிச்சிட்டேனே.”

“குடிச்சிட்டீங்க.”

பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பாலைக் குடித்துவிட்டு அந்த வீட்டுக்காரியையே காலி பண்ணச் சொல்ல யாருக்கு வாய் வரும்? மீதியையும் குடித்தார். வெறும் கையோடு வந்துவிட்டோமே என்று சங்கடப்பட்டு, காட்சிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அட்டையில் ‘இரவல்’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்தார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காட்சிக்கூடம்தான் காலி செய்தது. வெள்ளைச் சுவர்களைச் சுருட்டி டெம்போவில் ஏற்றினார்கள். சுவர் போன இடத்தில் ஒரு தெரு இருந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எவ்வளவு நிம்மதி.

இனி எங்கே போவீர்கள் என்று மகிமைராஜைக் கேட்டேன். தூணிடம் பேசிவிட்டாராம். மெலிசான சுவர்தானே, சாய்ந்துகொள்ளட்டும் என்று ஒப்புக்கொண்டதாம். டெம்போவில் ஏறியவர் இறங்கித் திரும்பி வந்தார்.

“அம்மா, பால் காய்ச்ச ஒரு பாத்திரம் கிடைக்குமா?”

நல்ல பாத்திரமாகப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்தேன். கொடுக்கும் முன் அதில் ஓர் அட்டை ஒட்டினேன். ‘கனகவல்லியிடமிருந்து இரவல்.’