நாற்பத்தைந்தில் சுற்ற வேண்டியது

பழைய இசைத்தட்டுக்குத் தரம் போடும் முறையில் 'குட்' என்றால் மோசம் என்று பொருள். உச்சத்தில் இருப்பது 'மிண்ட்', கை படாத தட்டு. 'வெரி குட்' தட்டில் கீறல் காதுக்குக் கேட்கும். 'குட்' போட்ட தட்டில் பாட்டைவிட மீன் பொரிக்கும் சத்தம்தான் அதிகம். சம்மாந்துறையில் அரிசி மில் வைத்திருக்கும் கலந்தர் ஹாஜியாருக்கு இது தெரியாது. அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்த தட்டுக்கு நான் 'குட்' போட்டதும் மகிழ்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கல்முனை பஸாரில் எனக்கு ஒலிபெருக்கிக் கடை. வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் பிழைப்பு. இசைத்தட்டுகளில் எது முதலச்சு, எது பிந்தியது என்று கண்டுபிடிப்பது ஆசை. ஹாஜியார் என்னைத் தேடி வந்தது இந்த ஆசைக்காகத்தான்.

"நளீம், வாற வெள்ளிக்கிழம வாப்பாட பேர்ல மண்டபம் தொறக்கிறம். இது முதலச்சு எண்டு ஒரு கடிதம் தா. கையெழுத்தோட, சீலோட."

"பாத்துட்டுத் தாறன் ஹாஜியார்."

"பாக்க என்ன இரிக்கி? எங்கட ஊட்டுல இருந்த சாமான்."

அவருடைய தந்தை முகம்மது தம்பி காலமாகி முப்பது வருடம். 1974இல் வெளிவந்த ஒரேயொரு தட்டில் ஒரேயொரு பாட்டுப் பாடியவர் என்பது அவருடைய புகழ். தட்டை எங்கள் தலைமுறையில் யாரும் கேட்டதில்லை. மில்லில் இருந்த பாட்டுப் பெட்டியில் அதைச் சுழலவிட்டு யாரோ கசெற்றில் பதிந்தார்கள். அந்தக் கசெற்றின் பிரதிகளைத்தான் இந்தக் கிழக்குக் கரை முழுவதும் கலியாண வீடுகளில் கேட்டிருக்கிறோம். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற கனத்த குரல், ஆறுதலான, மெதுவான நடை. நேரில் கதைக்கும்போது முகம்மது தம்பிக்குக் கீச்சுக் குரல். நல்ல குரலைப் பாட்டுக்கென்று சேமித்து வைத்திருந்தார் என்று ஊர் சமாதானம் சொல்லிக்கொண்டது.

பாட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வயல் வாடிக் குடிசையில் காவலிருக்கும் மச்சானை வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடும் பாட்டு அது. தாடி வைத்த மனிதர் ஏன் மச்சானைக் கூப்பிடுகிறார் என்று கேட்பவர்களுக்காக, ஓய்வுபெற்ற ஆசிரியர் றம்ஸீன் சேர் பதினெட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஆன்மா பெண்ணாகி இறைவனை அழைக்கிறதாம். 'அந்த நிதானமே ஞானத்தின் நடை' என்ற வரியை மண்டபத்துச் சுவரில் எழுதவும் ஏற்பாடாகியிருந்தது.

நான் சட்டத்தைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்தேன். முதலச்சைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பாட்டை ஒருமுறைதான் வெட்டுவார்கள். அந்த வெட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதைச் சூடான பிளாஸ்ரிக்கில் அழுத்தித் தட்டுச் செய்வார்கள். அச்சுப் பலகாரம் சுடச் சுட அச்சு தேய்ந்து பூவிதழ் மழுங்குகிறதல்லவா, அதேபோல இதுவும் தேயும். தேய்ந்ததும் அடுத்த அச்சு. பாட்டு முடிகிற இடத்துக்கும் நடு லேபலுக்கும் இடையே வெறும் வளையம் ஒன்று இருக்கும். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தால் அதில் ஊசியால் கீறிய இலக்கம் தெரியும். முன்னால் இருப்பது பாட்டின் இலக்கம், பின்னால் இருப்பது அச்சின் இலக்கம்.

"நூத்தி ஏழு, அங்கால ரெண்டு," என்றேன். "இது ரெண்டாம் அச்சு ஹாஜியார்."

"எங்கட வாப்பா எதிலயும் ரெண்டாவதா வந்ததில்ல."

கிராமசபைத் தேர்தலில் முகம்மது தம்பி மூன்றாவதாக வந்தது எனக்கு நினைவு வந்தது.

அன்று பின்னேரமே ஹாஜியார் வட்ஸ்அப் குழுக்களில் அறிவித்தல் போட்டார். தன் வாப்பாவின் தட்டின் முதலச்சு யாரிடமாவது இருந்தால் நளீமின் கடைக்குக் கொண்டுவரட்டும். மூன்றாம் நாள் மருதமுனையிலிருந்து ஹாஜறா என்ற பெண் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கைத்தறிச் சாரன் துணியில் சுற்றியிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, "இதுதானே ஊரெல்லாம் தேடுறீங்க?" என்றார்.

உறையின் பாதியில் உப்புக் கோடு ஒன்று ஓடியது. சுனாமித் தண்ணீர் அலுமாரியில் அந்த உயரத்துக்கு நின்றிருக்கிறது. தட்டில் மயிரிழைக் கீறல்கள் மட்டும். 'வெரி குட்' தாராளமாகப் போடலாம். வளையத்தைச் சாய்த்துப் பார்த்தேன். நூற்றேழு, அதன்பின் ஒன்று.

பிறகுதான் லேபலை வாசித்தேன். ஹாஜியாரின் தட்டில் பாட்டின் பெயரும் முகம்மது தம்பியின் பெயரும் மட்டுமே இருந்தன. இதில் பாட்டின் பெயரோடு நான்கு விடயங்கள் இருந்தன. நேரம் மூன்று நிமிடம் நான்கு செக்கன். வேகம் 45. தயாரிப்பு முகம்மது தம்பி. பாடியவர் ஹாஜறா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன மகன் முழிக்கிறாய்? போடு. எனக்கிட்ட தட்டுத்தான் இரிந்திச்சி. சுத்துற பெட்டி ஒரு நாளும் இருக்கல்ல."

வேகத்தை 45இல் வைத்து ஊசியை இறக்கினேன். றபான் மேளத்தின் ஒலி துள்ளிக்கொண்டு வந்தது. அதன் மேல் பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மச்சானை மிரட்டிக் கூப்பிட்டாள். ஹாஜறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முழுவதையும் கேட்டார். பாட்டு முடிய நேரம் பார்த்தேன். மூன்று நிமிடம் நான்கு செக்கன்.

நடந்தது இதுதான். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுற்ற வேண்டிய தட்டை முப்பத்துமூன்று முறை சுற்றவிட்டால், பாட்டு நீளும், குரல் இறங்கும். ஹார்மோனியத்தில் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால் ஐந்து கட்டை கீழே போகும். குமரியின் குரல் நடுவயது ஆணின் குரலாகும். துள்ளல் நிதானமாகும். ஒருமுறை என்னிடம் பழுதுக்கு வந்த அந்த மில் பெட்டியில் வேகம் மாற்றும் குமிழ் உடைந்து முப்பத்துமூன்றில் இறுகியிருந்தது. கசெற்றில் அந்தப் பாட்டு நான்கு நிமிடம் எட்டு செக்கன். கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

"பேர் எப்பிடி மாறின மாமி?"

"முதல் தட்டு வந்த மாசம் எனக்குக் கலியாணம் பேசினாங்க. மாப்புள ஊட்டார், பாட்டுக்காரி வாணாம் எண்டாங்க. எங்கட வாப்பா தட்டெல்லாத்தையும் பறிச்செடுத்து வாடியில போட்டு எரிச்சார். இது மட்டும் என்ட தலவாணிக்குள்ள கிடந்த. முகம்மது தம்பிக்கு நட்டம். மறுகா அவர் தன்ட பேரப் போட்டு அடிச்சி வித்தார்."

"அவருக்குத் தெரியும்தானே, குரல் ஒங்கட எண்டு?"

"தெரியாம என்ன. ஊரே ஆம்புளக் குரல் எண்டு செல்லக்க, அந்தாள் ஏன் இல்லெங்கிற?" அவர் தட்டை மறுபடி சாரனில் சுற்றினார். "எனக்குக் காசி வாணாம், மண்டபமும் வாணாம். கண்ண மூடி மௌத்தாக முந்தி என்ட பேர ஒருக்கா மைக்கில செல்லோணும். அவ்வளவுதான்."

மறுநாள் ஹாஜியாரையும் றம்ஸீன் சேரையும் கடைக்கு அழைத்தேன். ஹாஜறா கதவோரக் கதிரையில் இருந்தார். நான் தட்டைப் போட்டேன், லேபலைக் காட்டினேன், வேகத்தை மாற்றி மாற்றி இரண்டு குரலையும் கேட்கச் செய்தேன். இரண்டு அச்சிலும் பாட்டின் இலக்கம் ஒன்றுதான், ஆகவே வெட்டும் ஒன்றுதான், பாடியவரும் ஒருவர்தான் என்று விளக்கினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதில்லை.

ஹாஜியார் தட்டைப் புரட்டி மறுபக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்ப வாப்பாக்குப் பொம்புளக் குரலும் வந்திரிக்கி."

"ஹாஜியார், லேபல்ல பேர் இரிக்கி."

"அது அச்சுப் பிழ. அதத்தானே ரெண்டாம் அச்சில திருத்தினாங்க."

றம்ஸீன் சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "குரல் மாற்றிப் பாடுறது ஒரு பெரிய கலை. என்ட கட்டுரைக்கு இது இன்னும் பலம்தான். ஆன்மா உண்மையாவே பெண்ணாகிட்டு."

"சேர், நீங்க சின்னப் புள்ளையில எனக்கிட்ட குர்ஆன் ஓத வந்த ஆள்," என்றார் ஹாஜறா. "அப்பவும் பாடம் விளங்காட்டித் தலய ஆட்டுவீங்க."

ஹாஜியார் எழுந்தார். மில் நடத்துபவருக்குப் பேரம் முடிக்கத் தெரியும். "மைக்கில பேர் செல்றதுதானே கேட்டீங்க? செல்லுவம். நான் வாக்குத் தாறன்."

கடிதத்தையும் கொடுத்தேன். முதற்பந்தியில் முதலச்சை அறியும் முறை. இரண்டாம் பந்தியில், நூற்றேழாம் இலக்கத் தட்டின் முதலச்சு அரியது என்பது. மூன்றாம் பந்தியில் பாடியவர் யார் என்பது. கையெழுத்தும் சீலும் முதற்பந்தியின் பக்கத்து ஓரத்தில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு ஒலிபெருக்கி என்னுடையதுதான். நுழைவாயிலில் சட்டத்துக்குள் ஹாஜியாரின் பழைய தட்டே தொங்கியது. கீழே என் கடிதம். மூன்றாம் பந்தி பின்னால் மடிக்கப்பட்டு இரண்டு பந்திகள் மட்டும் தெரிந்தன. ஓரத்தில் போட்ட சீல் அவர்களுக்கு வசதியாகிவிட்டது.

றம்ஸீன் சேர் நிதானமாக நாற்பது நிமிடம் பேசினார். முடிவில் ஒலிவாங்கியில் அறிவித்தார். "இப்போது மருதமுனையைச் சேர்ந்த ஹாஜறா உம்மா அவர்கள், மர்ஹூம் முகம்மது தம்பி அவர்களின் புகழ்பெற்ற பாடலைப் பாடிக் காட்டுவார்."

பெயர் சொல்லியாகிவிட்டது. ஹாஜியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வாக்கைக் காப்பாற்றியவர்போல.

ஹாஜறா எழமாட்டார் என்றுதான் நினைத்தேன். எழுந்தார். ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு பாடினார். குரல் நடுங்கினாலும் நடை துள்ளியது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது, பிறகு கைதட்டல். நான் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் பத்து செக்கன்.

றம்ஸீன் சேர் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார். "குட். நல்ல முயற்சி. ஆனாலும் அசலில் இருக்கும் அந்த நிதானமும் கம்பீரமும் யாருக்கும் வராதுதானே."

"ஓம் சேர்," என்றார் ஹாஜறா, ஒலிவாங்கிக்குக் கேட்கும்படி. "நான் அப்பவும் கெதியாத்தான் பாடின."

விருந்து தொடங்கியதும் அவர் வாயிலுக்கு வந்து சட்டத்தின் முன் நின்றார். சின்ன இலக்கத்துக்குக் கண் எட்டவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"மகன், அந்த வளையத்துல என்ன போட்டிரிக்கி? பாத்துச் செல்லு."

கண்ணாடியில் வெளிச்சம் படாதபடி கையால் மறைத்துப் பார்த்தேன். "ரெண்டு, மாமி."

"நல்லாப் பாத்தியா?"

"ஓம். ரெண்டுதான்."

"அப்ப சரி," என்று சொல்லி அவர் செருப்பைத் தேடினார். "ஒண்டு என்ட ஊட்டுல இரிக்கி."